இறக்கைக்குள் ஒரு முள்

இதை முன்பின்னாக மாற்றிச் சொல்லிவிடுவேனோ என்று எனக்குப் பயமாகவே இருக்கிறது. ஓரிடத்தில் தவறினாலும் நீதி தலைகீழாகிவிடும். அதனால் நடந்தது நடந்தபடியே சொல்கிறேன்.

ஒரு குளக்கரைக் காட்டில் செம்பி என்ற காட்டுக்கோழி தன் குஞ்சுகளோடு வாழ்ந்தது. அந்தக் காட்டுக்குப் புதிதாக ஒரு நரி வந்து சேர்ந்தது. வந்த சில நாளிலேயே கௌதாரிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. செம்பி பயந்து பயந்து அரை வயிறுதான் மேய்ந்தது.

விலங்குகளும் பறவைகளும் தலைவர் கடமானிடம் போய் முறையிட்டன. அங்கே உடும்பு ஒரு யோசனை சொன்னது.

"முள்ளம்பன்றி உதிர்த்த முட்கள் காடெங்கும் கிடக்கின்றன. ஆளுக்கொன்றை எடுத்து, வெளியே தெரியாமல் வைத்துக்கொள்வோம். யாரிடம் முள் இருக்கிறது என்று நரிக்குத் தெரியாது. எல்லோரையும் கண்டு பயப்படும்!"

"யோசனை நல்லதுதான். ஆனால் என்னிடம் வந்து கையாளப் பழகிவிட்டு எடுத்துப் போங்கள்" என்றது முள்ளி என்ற முள்ளம்பன்றி.

"பழகுவதா? அதுவரை நரி பட்டினி கிடக்குமா?" என்று உடும்பு சீறியது.

செம்பிக்கும் அது சரியென்றே பட்டது. கடமான் தலையை ஆட்டியது. "கேட்பவர்களுக்கெல்லாம் அனுமதி உண்டு. பழகுவது அவரவர் விருப்பம்."

செம்பி ஒரு முள்ளை இறக்கைக்குள் செருகிக்கொண்டது. அன்றுதான் வயிறு நிறையத் தின்றது.

மறுநாள் மதியம் சருகு சரசரத்தது. "ஐயோ, நரி!" என்று செம்பி அலறியது. பயந்த குஞ்சுகள் எங்கே ஓடும்? தாயின் இறக்கைக்குள்தானே! ஓடிவந்த வேகத்தில் கடைக்குட்டி முள்ளில் மோதியது. கண்ணுக்குச் சற்று மேலே கிழிந்து ரத்தம் வழிந்தது.

சருகுக்குள்ளிருந்து உடும்பு தலையை நீட்டியது. "நான்தானம்மா! எதற்கு இப்படிக் கத்துகிறாய்?"

செம்பி குஞ்சையும் கூட்டிக்கொண்டு நேரே கடமானிடம் போனது. எல்லோரும் மறுபடி கூடினார்கள். "இனியாவது பழகிவிட்டு எடுங்கள்" என்றது முள்ளி.

"ஒரு குஞ்சுக்குக் கீறல் விழுந்தது என்பதற்காக எல்லோரும் பாடம் படிப்பதா? பாடம் முடிவதற்குள் பலவீனமானவர்கள்தான் நரியிடம் மாட்டிக்கொள்வார்கள்!" என்றது உடும்பு.

செம்பி முன்னால் வந்தது. "ஐயா, நரி என் குஞ்சைத் தொடவில்லை. நான்தான் குத்தினேன். எங்கே வைப்பது என்றுகூடத் தெரியாமல் வைத்திருந்தேன். எனக்கு முள் வேண்டும். ஆனால் இப்படி வேண்டாம்!"

கடமான் முள்ளியைப் பார்த்தது. "உடும்பு கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. பழகுகிற நாட்களில் நரி வந்தால்?"

"பழகியவர்கள் மற்றவர்களுக்குக் காவல் இருப்போம். இப்போதைக்குப் பழகியவள் நான் ஒருத்திதான். இன்றே நிற்கிறேன்!" என்றது முள்ளி.

"அப்படியானால் சரி. இனிமேல் பழகாதவர்களுக்கு அனுமதி கிடையாது. இது எல்லோருக்கும் பொது!" என்றது கடமான்.

குளக்கரை மணலில் பயிற்சி தொடங்கியது. "முதலில் முள்ளைத் தொடாதீர்கள். உங்கள் பிள்ளைகள் எங்கே என்று பாருங்கள்" என்றது முள்ளி. பிறகு முள்ளை எடுக்கச் சொன்னபோது, செம்பி அலகில் முள்ளோடு அவசரமாகத் திரும்பியது. முள்ளியின் மூக்கில் சுருக்கென்றது.

"அடியே! என் முள்ளாலேயே என்னைக் குத்துகிறாயா?"

எல்லோரும் சிரித்தார்கள். செம்பியும் சிரித்தது. உடும்புகூட வந்து கடைசியில் உட்கார்ந்தது. "சும்மா வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன்" என்றது. ஆனால் ஒரு நாளும் தவறாமல் வந்தது.

முயல், அணில், செம்பி என்று ஒவ்வொருவராகத் தேறினார்கள். காவலுக்கு நிற்பவர்களும் கூடினார்கள்.

ஒரு காலை, நிஜமாகவே நரி வந்தது. செம்பி கூச்சல் போடவில்லை. 'புதருக்குள்!' என்று குஞ்சுகளுக்கு ஒரு குரல் மட்டும் கொடுத்தது. கடைசிக் குஞ்சும் உள்ளே நுழைந்த பிறகுதான், குஞ்சுகள் மேல் படாதபடி இப்போது வாலிறகில் செருகியிருந்த முள்ளை உருவியது.

"என்ன கோழியக்கா, தனியாகவா மேய்கிறாய்?" என்று நரி இளித்தது.

அலகில் முள் இருந்ததால் செம்பியால் பேச முடியவில்லை. அசையாமல் நின்றது. நரி பாய்ந்தது. அடுத்த நொடி மூக்கைத் தேய்த்துக்கொண்டு ஊளையிட்டபடி ஓடியது. போகிற வழியில் முயல் முறைத்தது, உடும்பும் முறைத்தது. எதனிடம் முள் இருக்கிறதோ என்று நடுங்கிய நரி, அந்தக் காட்டையே விட்டுப் போனது.

அன்று சாயங்காலம் செம்பி முள்ளை உயரமான ஒரு மரப்பொந்தில் செருகி வைத்தது. இறக்கையை உதறிப் பார்த்தது. அதன் பிறகுதான் உறங்குவதற்குக் குஞ்சுகளைக் கூப்பிட்டது.

கையாளக் கற்றவரிடம் இருக்கும் ஆயுதமே காவல். கல்லாதவரிடம் இருந்தால் அது முதலில் குத்துவது சொந்தப் பிள்ளையைத்தான்.