வயரில் தேங்கிய எழுத்துகள்

தூத்துக்குடி துறைமுகத்தை ஒட்டி ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ். எண்பத்தேழாம் வருஷம் அங்கே முதல் கம்ப்யூட்டர் வந்து இறங்கியது. அதற்கென்று கண்ணாடித் தடுப்பு, ஏ.சி., சுழல் நாற்காலி. அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதை ஹெட் கிளார்க் ஆவுடையப்பன் அன்றைக்கு டீ நேரத்தில் சொல்வதாக இருந்தது. போட்டியில் இரண்டு பேர். ஒருவர் பதினெட்டு வருஷ சர்வீஸ் உள்ள டைப்பிஸ்ட் சிலுவைமுத்து. இன்னொருத்தி சேர்ந்து ஆறு மாசமான சங்கரவடிவு. கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்தவள்.

சிலுவைமுத்து அந்த மாதிரி மிஷினைத் தொட்டதே கிடையாது. ஆனால் பதினெட்டு வருஷம் சட்டை நனைய நனைய டைப் அடித்தாயிற்று. அந்த ஏ.சி. வேண்டும் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டீ கிளாசைக் கையில் எடுத்ததுமே ஆரம்பித்துவிட்டார்.

"கம்ப்யூட்டரா? மெட்ராஸ்ல ஒரு கம்பெனியில ரெண்டு மாசம் அதைப் போட்டு அடிச்சவன் நான். பாத்துக்கிடுங்க, என் வேகத்துக்கு ஸ்கிரீனால ஈடு கொடுக்க முடியல. நான் முழு லெட்டரும் அடிச்சு முடிச்சு எந்திரிச்சா, அது இன்னும் 'டியர் சார்'லயே நிக்குது!"

"அது அப்படித்தான் அண்ணாச்சி," என்றாள் வடிவு மெதுவாக. "நாம அடிக்கிறதை ஒரு சின்ன இடத்துல வாங்கி வரிசையா வச்சிருக்கும். பதினஞ்சு எழுத்துதான் கொள்ளும். மேல அடிச்சா கீச்சுன்னு கத்தும். மிச்சத்தை வாங்காது."

சிலுவைமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. இந்தப் பெண் நிஜமாகவே படித்திருக்கிறாள். ஆனால் அவர் வாய் என்றைக்கு அவரைக் கேட்டு நடந்திருக்கிறது?

"கத்தாம இருக்குமா? என் கையில அது கத்தின கத்துல, ஹார்பர்ல நின்ன கப்பல் சங்குன்னு நெனச்சு நங்கூரத்தைத் தூக்கிருச்சு."

டெஸ்பாட்ச் கிளார்க் பீர்முகமது வாயிலிருந்த டீயைப் பாடுபட்டு விழுங்கினார். "எந்த ஊருக்குவே போச்சு?"

"கொழும்புக்கு. அதை விடும்வே. நான் நிறுத்தல. உள்ள இடமில்லாத எழுத்தெல்லாம் கீபோர்டு வயர்ல தேங்கிருச்சு. தவளை முழுங்கின பாம்பு மாதிரி வயர் அங்கங்க புடைச்சு நிக்குது. நான் ஊருக்கு வந்து, மச்சினன் கல்யாணத்தை முடிச்சு, ஒம்பதாம் நாள் திரும்பிப் போறேன். ஸ்கிரீன்ல அப்பத்தான் ரெண்டாம் பக்கம் வந்துக்கிட்டிருக்கு!"

"ஒம்பது நாளும் கரண்டு போகலியா?"

"போச்சே. இருட்டுல வந்த எழுத்து மட்டும் கொஞ்சம் கோணலா இருந்துச்சு."

ஆவுடையப்பன் சிரிக்கவில்லை. அதுவே சிலுவைமுத்துவுக்குத் தெம்பாகப் போயிற்று.

"முதலாளி அவசரப்பட்டு வயரைப் புடுங்கிட்டாரு. பொலபொலன்னு எல்லாம் தரையில கொட்டிருச்சு. கூட்டி அள்ளினா ரெண்டு சாக்கு. அதுல ஒரு சாக்கு வெறும் கமா. என்னம்மா, உங்க கோர்ஸ்ல இதெல்லாம் சொல்லிக் கொடுத்தாங்களா?"

வடிவு கிளாசைக் கீழே வைத்தாள். "அண்ணாச்சி சொல்றது நெஜம் சார். அவருக்குப் பின்னால அந்தக் கம்பெனியில சேர்ந்தது நான்தான்."

சிலுவைமுத்து டீ கிளாசை வாயிலிருந்து எடுத்தார். அப்படி ஒரு கம்பெனியே கிடையாதே!

"அவர் அடிச்சதை அழிக்கிறதுதான் எனக்கு வேலை. ஒரு கீயை அமுக்கினா மிஷினுக்கு ஒரு சேதி போகும். விரலை எடுத்தா இன்னொரு சேதி. அது போய்ச் சேரலேன்னா, விரல் இன்னும் அங்கேயே இருக்குன்னு மிஷின் நெனச்சுக்கும். நான் அழிக்கிற கீயை அமுக்கிட்டு விரலை எடுத்துட்டேன் சார். கொட்டினது போக வயர்ல அண்ணாச்சி எழுத்து நாலஞ்சு அடைச்சுக்கிட்டிருந்ததுல, எடுத்த சேதி போகவே இல்ல. லெட்டர் அழிஞ்சுது. ஸ்கிரீன் அழிஞ்சுது. மேசை, சுவரு, வாசல்ல நின்ன வாட்ச்மேன், எல்லாம் போச்சு. இப்ப மெட்ராஸ் போய்த் தேடினாலும் அந்தக் கம்பெனி கிடைக்காது."

பீர்முகமது சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆவுடையப்பன் திரும்பினார். "ஏம்வே, இந்தப் பிள்ளை சொல்றது நெஜமா?"

இல்லை என்றால் கதை போச்சு. ஆமாம் என்றால் கம்பெனியே அழிந்த பழி தன் தலையில் விழுந்து நாற்காலி போச்சு. சிலுவைமுத்து ஏ.சி.யை ஒரு முறை பார்த்தார். பிறகு நெஞ்சை நிமிர்த்தினார்.

"நெஜம்தான் சார். அந்த வாட்ச்மேன் எங்க சித்தப்பாதான். மீசை மட்டும்தான் மிஞ்சுச்சு."

"வடிவு, நீயே உள்ள போய் உக்காரும்மா," என்றார் ஆவுடையப்பன். "இவரு விடுறதை அழிக்கவே இந்த ஆபீசுக்கு ஒரு ஆள் வேணும்."