படப்பெட்டியின் பின்கதவு

"தீர்ப்புச் சொல்ல வரமாட்டேங்குதுங்கம்மா," என்றார் நாச்சிமுத்து.

பாவாயி கொள்ளில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

அது கணவாய் வாயில் இருந்த பழைய சுங்கச்சாவடி. அங்கே வரி வாங்குவதை அரசாங்கம் மறந்துபோன பிறகு பாவாயி குடியேறிவிட்டாள். நாச்சிமுத்து கீழே ஊரில் நடுவர். எந்த வழக்குக்கும் அவர் சொல்வதுதான் முடிவு. பாவாயிக்கு அவர் மகள் வயதுதான் இருக்கும். ஆனாலும் அவள்தான் குரு, அவர்தான் சீடர். ஊரில் இதைச் சொல்லிச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

"அந்தப் பெட்டி வழக்குங்களா?"

"அதேதானுங்க. நாளைக்குச் சந்தை கூடுது. சபையில முடிவு சொல்லியாகணும்."

ராயப்பன் என்று ஒருவன் மாட்டுவண்டியில் ஒரு படப்பெட்டியைக் கொண்டுவந்து சந்தைக்குப் பக்கத்தில் இறக்கியிருந்தான். துணி வைக்கும் டிரங்குப் பெட்டி அளவுதான் இருக்கும். முன்பக்கம் ஒரு துளை. துளையைச் சுற்றிப் பித்தளை வளையம். மேலே தொங்கும் கறுப்புத் துணியை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டு வளையத்தில் கண்ணை வைக்க வேண்டும்.

உள்ளே ஓர் அறை, ஒரு விளக்கு, ஒரு பெண். முதுகு காட்டி நின்று தலை வாருகிறாள். உடம்பில் துணி இல்லை.

அவ்வளவுதான் காட்சி. அதற்கே ஊர் இரண்டாகிவிட்டது.

பித்தளையில் களிம்பு ஏறியிருந்தது. பார்த்தவன் கண்ணைச் சுற்றிப் பச்சையாக ஒரு வட்டம் விழும். வெறும் தண்ணீருக்குப் போகாது. புளி போட்டுத் தேய்த்தால் போகும், ஆனால் தோல் சிவந்துவிடும். ஆகவே, பெட்டி இருக்கட்டும் என்று சபையில் வாதாடியவர்களுக்குக் கண்ணைச் சுற்றிப் பச்சை வட்டம். பெட்டியைத் தடை செய் என்று கத்தியவர்களுக்குக் கண்ணைச் சுற்றிச் சிவப்பு வட்டம். அந்த வாரம் கடையில் புளி தீர்ந்துபோய், பல வீடுகளில் ரசம் வைக்கவில்லை.

"ரெண்டு பக்கமும் என்ன சொல்றாங்க?" என்று பாவாயி கேட்டாள்.

"பெட்டி வேணும்கறவங்களுக்கு அர்த்தநாரி பேசறாருங்க. 'என் வூட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு சர்க்கார் எட்டிப் பாக்கறதில்ல. என் கண்ணுக்குள்ள என்ன ஓடுதுன்னு மட்டும் எதுக்குப் பாக்கணும்? இன்னைக்குப் பெட்டியத் தடுப்பீங்க. நாளைக்குக் கோயில் சிலைக்குச் சேல கட்டச் சொல்லுவீங்க'ங்கறாரு."

"நியாயந்தான்."

"வேண்டாம்கறவங்களுக்குக் கருப்பண்ணன். 'பெட்டியப் பாத்த கண்ணு பெட்டியோட நின்னா நான் எதுக்குங்க வாயத் தொறக்கறேன்? வெளிய வந்தும் அப்படியேதான் பாக்குது. எங்க வூட்டுப் பொம்பளைங்க அந்தத் தெருவுல நடக்கறதில்ல'ங்கறாரு."

"அதுவும் நியாயந்தான்."

"ரெண்டும் நியாயம்னா நான் என்னங்கம்மா பண்றது?"

"நீங்க பாத்தீங்களா?"

"பாக்காம எப்படிங்க தீர்ப்புச் சொல்றது?"

"எத்தன தடவ?"

பாவாயி இப்போதுதான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். வலது கண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பாதி பச்சை, பாதி சிவப்பு.

"தேய்க்கறதுக்குள்ள மறுபடியும் போயிட்டீங்களாட்ட இருக்குது," என்றாள்.

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. பயத்தைத்தான் முதலில் சொன்னார்.

"அவ திரும்பறாளுங்கம்மா."

"யாரு?"

"உள்ள இருக்கறவ. மொதல் தடவ முதுகு மட்டுந்தான் தெரிஞ்சுது. அடுத்த தடவ தோளு லேசாத் திரும்பியிருந்துது. அப்புறம் காது. நேத்துக் கன்னம் தெரிஞ்சுதுங்க. ராயப்பனக் கேட்டா, 'பலகையில ஒட்டின படமுங்க, அது எங்க திரும்பும்'ங்கறான். மத்தவங்களும் முதுகத் தவிர ஒண்ணும் பாக்கலயாம். எனக்கு மட்டுந்தான் திரும்பறா. அந்தக் கன்னம் ஈரமா இருந்துதுங்க."

"அழுவுறாளா?"

"முகத்த முழுசாப் பாத்தாத்தான் தெரியும்."

"அதத் தெரிஞ்சுக்கத்தான் போயிப் போயிப் பாக்கறீங்க."

"ஆமாங்க," என்றார். சொன்ன குரலை அவரே நம்பவில்லை.

பாவாயி ஒரு கல்லை எடுத்து வெளியே எறிந்தாள்.

"சட்டப்படி, தடை போட்டா அந்தப் பெட்டிய எரிக்கணும். அவ உள்ள இருக்கறா. எப்படிங்கம்மா எரிக்கறது?" என்றார் நாச்சிமுத்து. "விட்டுட்டாலோ, ஊர் ஊரா, சந்தை சந்தையா, காலம் பூரா அவளப் பாத்துட்டே இருப்பாங்க. ராத்திரியெல்லாம் தூக்கம் புடிக்கறதில்ல."

"சபையில யாரெல்லாம் பேசினாங்கன்னு சொன்னீங்க?"

"பாக்கணும்கறவங்க. பாக்கக் கூடாதுங்கறவங்க."

"அவ?"

"அவ படமுங்கம்மா. அவ எப்படிப் பேசுவா?"

"இப்பத்தான் எரிச்சா செத்துருவாங்கற மாதிரி சொன்னீங்க."

நாச்சிமுத்து தலை குனிந்தார்.

"பெட்டிய இங்க கொண்டாங்க," என்றாள் பாவாயி.

உச்சி வெயிலில் வண்டி மேலே வந்து சேர்ந்தது. ராயப்பன் வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தான். பாவாயியைப் பார்த்ததும் புலம்பலை நிறுத்திவிட்டான். பெட்டியைச் சாவடி வாசலில் இறக்கி வைத்தார்கள். காற்று இல்லை. ஒரு காக்கைகூடக் கத்தவில்லை. அத்தனை வெயிலிலும் துளைக்குள் விளக்கு வெளிச்சம் தனியாகத் தெரிந்தது.

"இந்தப் படம் யாரு வரைஞ்சது?" என்று பாவாயி ராயப்பனைக் கேட்டாள்.

"தெரியாதுங்க. இன்னொருத்தர்கிட்ட வாங்கினது. அவரு யாருகிட்ட வாங்கினாரோ."

"அந்தப் பொம்பள யாரு?"

"இத்தன ஊரு சுத்திட்டேன். அத யாரும் கேட்டதில்லீங்க."

"விளக்குக்கு எண்ணெய் நீதான் ஊத்தறயா?"

ராயப்பன் பெட்டியை விட்டு ஓர் அடி தள்ளி நின்றான். "நான் ஊத்தறதில்லீங்க. அது பாட்டுக்கு எரியுது. பின்னால ஒரு கதவு இருக்குது. வாங்கும்போதே அந்த மனுசன் சொல்லிட்டாரு, முன்பக்கம் உன்னுது, பின்பக்கம் அவளுதுன்னு. நான் தொறந்ததில்ல."

பாவாயி நாச்சிமுத்துவைப் பார்த்தாள்.

"முன்னால நின்னு எல்லாரும் பாத்தாச்சு. நீங்க பின்னால போங்க."

அவர் பெட்டியைச் சுற்றிப் போய்க் குனிந்தார். சின்னக் கதவு. தலை நுழையும் அளவுதான். தாழ்ப்பாளை விலக்கித் தலையை நீட்டினார். பிறகு தோளை நீட்டினார். அதற்குப் பிறகு எப்படி உள்ளே போனார் என்று கேட்டால் அவருக்கும் சொல்லத் தெரியாது.

தரை சில்லென்று இருந்தது. விளக்கு அசையாமல் எரிந்தது. அறையில் யாரும் இல்லை. ஒரு சீப்பு மட்டும் கீழே கிடந்தது. தொட்டுப் பார்த்தார். கைச்சூடு இன்னும் ஆறவில்லை.

எதிர்ச்சுவரில் ஒரு துளை.

அப்போதுதான் தன் உடம்பைப் பார்த்தார். சட்டை இல்லை. வேட்டி இல்லை. ஒரு நூல்கூட இல்லை.

துளையில் ஒரு கண் வந்து நின்றது.

பச்சை வட்டத்துக்குள் இருந்தது அந்தக் கண். இமைக்கவில்லை. "என் கண்ணு, என் இஷ்டம்," என்று ஒரு குரல் கேட்டது. அர்த்தநாரியின் குரல்தான். கண் விலகியது. உடனே இன்னொரு கண் வந்தது. சிவப்பு வட்டம். "சீ, இதெல்லாம் ஒரு காட்சியா," என்றது கருப்பண்ணனின் குரல். சொல்லி முடித்த பிறகும் அந்தக் கண் துளையை விட்டு நகரவில்லை. நெடுநேரம் நகரவில்லை.

"அய்யா, நானுங்க, நாச்சிமுத்து," என்று கத்தினார். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

பின்கதவைத் தேடினார். நாலு பக்கமும் சுவர்தான் இருந்தது.

போர்த்திக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று தேடினார். அந்த அறையில் ஒரு கந்தல்கூடக் கிடையாது. துளைக்கு வெளியே, கண்ணுக்கு மேலே, ஒரு துணியின் ஓரம் தெரிந்தது. கறுப்புத் துணி. அது அந்தப் பக்கம் இருந்தது.

கண்கள் ஒவ்வொன்றாக வந்தன, போயின. எல்லாம் தெரிந்த கண்கள். தினமும் தனக்குக் கும்பிடு போடுகிறவர்களின் கண்கள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி முதுகைக் காட்டி நின்றார். வேறு என்ன செய்வது? கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சும்மா நிற்கவும் முடியவில்லை.

குனிந்து சீப்பை எடுத்தார். தலையை வார ஆரம்பித்தார்.

எவ்வளவு நேரம் வாரினாரோ, அழுதிருந்தார் போலிருக்கிறது. கன்னம் ஈரமாக இருந்தது. ஒரு கண் மட்டும் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததை அவர் முதுகு உணர்ந்தது. மற்றவை வந்து போயின. இது போய்ப் போய் வந்தது. யார் என்று பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. சட்டென்று திரும்ப அவருக்குத் தைரியம் இல்லை. முதலில் தோளை லேசாகத் திருப்பினார். அந்தக் கண் போய்விட்டு மறுபடி வந்தபோது காது தெரியும் அளவுக்குத் திரும்பினார். அடுத்த முறை கன்னம். கடைசியில் முழு முகத்தையும் திருப்பித் துளையைப் பார்த்தார்.

துளையில் இருந்த கண்ணைச் சுற்றி ஒரு வட்டம். பாதி பச்சை, பாதி சிவப்பு.

அவர் அலறிய சத்தம் கணவாய் முழுக்கக் கேட்டது என்று ராயப்பன் பிற்பாடு சொன்னான்.

கண் திறந்தபோது சாவடி வாசலில் மண்ணில் கிடந்தார். சட்டை இருந்தது. வேட்டி இருந்தது. இருந்தும் இரண்டு கைகளாலும் உடம்பை மூடிக்கொண்டார்.

பாவாயி கொள்ளை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"முகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தனுங்கம்மா."

"அழுவுறாளா?"

நாச்சிமுத்து தலையாட்டினார். "இப்ப நான் என்ன தீர்ப்புங்க சொல்லட்டும்?" என்று கேட்டார்.

பாவாயி முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள். பெட்டிக்கு முன்னால் போய், தொங்கிய கறுப்புத் துணியைப் பிடித்து ஒரே இழுப்பில் உருவினாள். அவள் துணியை உதறி மடித்தாள். பின்பக்கம் போனாள். குளிக்கிறவளுக்கு வெளியிலிருந்து சேலை நீட்டுவதுபோல, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை மட்டும் கதவுக்குள் நீட்டினாள்.

உள்ளே யாரோ துணியை வாங்கிக்கொண்டார்கள்.

பாவாயி கதவைச் சாத்திவிட்டு முறத்திடம் திரும்பி வந்தாள்.

மறுநாள் சபை கூடியது. பச்சை வட்டங்கள் ஒரு பக்கம், சிவப்பு வட்டங்கள் ஒரு பக்கம். நடுவில் பெட்டி. காலை வெயில் பெட்டி மேல் நேராக விழுந்தது.

"தடையா, இல்லையா? ஒத்தை வார்த்தையில சொல்லிப்போடுங்க," என்றார் கருப்பண்ணன்.

"சொல்றேன்," என்றார் நாச்சிமுத்து. "அதுக்கு முன்ன எல்லாரும் கடைசியா ஒருக்காப் பாத்துருங்க. வேணும்கறவங்களும் பாருங்க, வேண்டாம்கறவங்களும் பாருங்க."

அர்த்தநாரி சிரித்துக்கொண்டே முன்னால் வந்தார். சுதந்திரத்துக்கு முதல் ஆளாக நிற்பதில் அவருக்கு எப்போதும் ஒரு பெருமை. பெட்டியை மேலும் கீழும் பார்த்தார்.

"துணியக் காணோமுங்களே?"

"உள்ள இருக்குது," என்றார் நாச்சிமுத்து.

ஊர் முழுக்க அர்த்தநாரியைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் மனைவியும் கூட்டத்தில் நின்றிருந்தாள். வந்த பிறகு திரும்பிப் போனால் நன்றாக இருக்காது. குனிந்து வளையத்தில் கண்ணை வைத்தார்.

"ஒண்ணுந் தெரியல. ஒரே கறுப்பா இருக்குது."

சபையில் யாரோ சிரித்தார்கள்.

"இருங்க," என்றார் அர்த்தநாரி. "நடுவுல ஏதோ…"

பேச்சு நின்றுவிட்டது. கண்ணை எடுக்கவும் இல்லை. அவர் கழுத்தில் வியர்வை இறங்குவது எல்லோருக்கும் தெரிந்தது.

"என்னய்யா தெரியுது?" என்று பின்னாலிருந்து கேட்டார் கருப்பண்ணன். அடுத்து அவர் முறை.

"பாக்குது," என்றார் அர்த்தநாரி.

"எது?"

அர்த்தநாரியின் ஒரு கை மெதுவாகப் பின்னால் போய், இழுத்து மூடிக்கொள்ளப் பிடரிக்கு மேலே துணியைத் தேடியது.