வாயை மூடாத தொடை

"ஞாயிற்றுக்கிழமை நான் ஆடணும். சரின்னு சொல்லுங்க" என்றாள் தவமணி.

கோச் ஜெசிந்தா குனிந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நடுக்கோடு பாதிதான் முடிந்திருந்தது.

தவமணிக்கு இருபத்தொன்பது. கோச்சுக்கு இருபத்தைந்து. இவள் அவளைக் "கோச்சு" என்பாள். அவள் இவளை "அக்கா" என்பாள். அந்தக் கபடி டீமில் மரியாதை அவ்வளவுதான்.

நாலு நாளைக்கு முன்னால் எதிர்ப் பக்கம் ரெய்டு போன இடத்தில் தவமணியின் கணுக்காலைப் பிடித்து இழுத்தார்கள். அவள் விடவில்லை. எட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். பாயின்ட் கிடைத்தது. பின்தொடைச் சதை கிழிந்தது.

இப்போது தொடை வீங்கிக் கிடக்கிறது. தொட்டால் சுடும்.

ஞாயிறு ஆட்டத்தைப் பார்த்து விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள். முப்பது முடிந்துவிட்டால் எடுக்கமாட்டார்கள். அவளுக்கு முப்பது முடிய ஐந்து மாதம்தான். இதை விட்டால் பங்குனியில் ஒரு ஆட்டம். அதற்குமேல் ஒன்றும் கிடையாது.

இடுப்பிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள்.

"ஊசி மருந்து. வீக்கம், சூடு, வலி எல்லாம் ஒரே நாள்ல அடங்கிடுமாம்."

"யார் சொன்னது?"

"மருந்துக்கடையில."

"அவர் எத்தனை வருஷமா ரெய்டு போறாரு?"

"நக்கல் வேண்டாம் கோச்சு."

ஜெசிந்தா சுண்ணாம்பு டப்பாவைக் கீழே வைத்தாள். தவமணியின் கையைப் பிடித்துத் தன் பின்தொடையில் அழுத்தினாள்.

உள்ளே கொட்டாங்குச்சி மாதிரி ஏதோ கெட்டியாக இருந்தது.

"என்னது இது?"

"ஆறு வருஷத்துக்கு முந்தின கிழிசல். நானும் இதே ஊசிதான் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆடினேன். கப்பு வாங்கினோம்."

"அப்புறம்?"

"அப்புறம் கோச் ஆயிட்டேன்."

தவமணி கையை எடுத்துக்கொண்டாள். பயந்துதான் போனாள். ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

"உங்க சதை வேற, என் சதை வேற. இந்தத் தொடை நாலு நாளா கத்திக்கிட்டே இருக்கு. இதோட வாயை அடைக்கணும்."

"கத்தட்டும்க்கா. அது ஆளைக் கூப்பிடுது."

"எந்த ஆளை?"

"சதை நார் இருக்குல்ல, அதோட ஓரத்துல சின்னச் சின்ன செல்லு ஒட்டிக்கிட்டுத் தூங்குது. வருஷக்கணக்கா தூங்கும். நார் கிழிஞ்சா அதுக்குள்ள இருக்கிற சில பொருள் வெளியே கசியும். அதான் முதல் சத்தம். உடனே ரத்தத்துலேருந்து வேற செல்லுங்க வந்து குப்பையை அள்ளும். அதுகளும் அள்ளிக்கிட்டே சத்தம் போடும். வீக்கம், சூடெல்லாம் அந்தக் கூட்டம்தான். அந்தச் சத்தத்துலதான் தூங்குறது முழிக்கும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து புது நாராகும். கொஞ்சம் மட்டும் ஓரத்துக்கே திரும்பிப் போயிடும்."

"எதுக்கு?"

"அடுத்த தடவை கிழியும்ல."

"செல்லுக்குக் காது இருக்கா?"

"இருக்குன்னு வெச்சுக்கங்க."

"கதை விடாதீங்க. எனக்கு வேலை வேணும். செல்லு வந்தா எனக்குச் சோறு போடும்?"

நியாயமான கேள்வி. ஜெசிந்தா பாட்டிலை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"ஞாயிற்றுக்கிழமை லிஸ்ட்டுல உங்க பேரை எழுதிட்டேன். பிராக்டிஸ் முடியட்டும், பாட்டிலைத் தர்றேன். அதுவரைக்கும் கோட்டுக்கு வெளியே உட்காருங்க. வாயைத் திறக்கக்கூடாது."

விசில் ஊதினாள்.

கபடியில் அவுட் ஆனவள் வெளியே போய் உட்கார வேண்டும். அவள் டீம் ஒரு பாயின்ட் எடுத்தால் ஒருத்தி திரும்ப உள்ளே வரலாம். முதலில் போனவள் முதலில் வருவாள்.

அன்றைக்குக் கோச் ஒரு புதுச் சட்டம் போட்டாள். தவமணியின் டீமுக்கு மட்டும்.

"அவுட் ஆனவ ஆட்டத்தைப் பார்க்கக்கூடாது, முதுகைக் காட்டி உட்காரணும். யாரும் யாரையும் கூப்பிடக்கூடாது."

"அவங்களுக்கு?" என்று எதிர் டீமைக் காட்டிக் கேட்டாள் ராக்கம்மா. டீமிலேயே குள்ளமான ரெய்டர்.

"அவங்களுக்குக் கிடையாது."

"இது அநியாயம் கோச்."

"ஆமா."

ஆட்டம் ஆரம்பித்தது. பத்து நிமிஷத்தில் ஐந்து பேர் அவுட். ஐந்து முதுகும் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

ராக்கம்மா ரெய்டு போனாள். ஒருத்தியைத் தொட்டாள். அடுத்த முறையும் ஒருத்தி. அதற்கடுத்த முறையும் ஒருத்தி.

மூன்று பாயின்ட். மூன்று பேர் எழுந்து வந்திருக்க வேண்டும்.

யாரும் வரவில்லை. அவர்களுக்குத் தெரியாதே. ஒருத்தி ஈ ஓட்டினாள். ஒருத்தி சடையை அவிழ்த்துப் பின்னினாள்.

ராக்கம்மாவோடு மிச்சமிருந்தவளும் அவுட் ஆனாள். இப்போது ஆறு முதுகு. ராக்கம்மா தனி. எதிரே ஐந்து பேர் கைகோத்து நின்றார்கள்.

"கோச்சு, மூணு பேர் உள்ளே வரணும்" என்றாள் தவமணி.

"வாயை மூடுங்கக்கா."

"ஆள் இருக்கு! பாயின்ட்டும் இருக்கு!"

"இருக்கட்டும்."

ராக்கம்மா மூச்சு வாங்கித் திரும்பிப் பார்த்தாள். எல்லாம் முதுகு. கோட்டைத் தாண்டி மறுபடி உள்ளே போனாள். ஒருத்தி அவள் காலுக்குக் குறி வைத்துக் குனிந்தாள்.

தவமணி ஒற்றைக் காலில் எழுந்துவிட்டாள்.

"வாயாவது மண்ணாங்கட்டியாவது! ஏய் செத்தவளுகளா! அங்க ஒருத்தி தனியா சாகுறா, இங்க சடை பின்னுறீங்களா? எந்திரிங்கடி!"

ஆறு தலையும் திரும்பின. முதலில் அவுட் ஆனவள் குதித்து எழுந்தாள். பின்னாலேயே இரண்டாவது, மூன்றாவது. பின்னல் பாதியில் நின்றது.

நாலாவதும் எழுந்து ஓடினாள்.

"நீ எங்கடி போற? மூணுதான்! நீ உட்காரு, அடுத்ததுக்கு நீ!"

சொன்னது தன் காதிலேயே விழுந்ததும் தவமணி நிறுத்திக்கொண்டாள். அவள் வாய் திறந்தபடி இருந்தது.

விசில்.

ஜெசிந்தா பையிலிருந்து பாட்டிலை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தாள்.

"பிராக்டிஸ் முடிஞ்சுது. போட்டுக்கங்க."

தவமணி பாட்டிலைப் பார்த்தாள். இன்னொரு கையைத் தொடையில் வைத்தாள். சுட்டது. உள்ளே விண் விண் என்று தெறித்தது.

பொய் சொல்வானேன், அவள் அழுதாள்.

பிறகு பாட்டிலைச் சுண்ணாம்பு டப்பாவுக்குள் போட்டாள்.

"லிஸ்ட்டுலேருந்து என் பேரை அடிங்க."

"வேலை?"

"பங்குனி வரட்டும்."

"அதுக்குள்ள ஆறலைன்னா?"

"ஆறலைன்னா உங்க வீட்டு வாசல்ல வந்து உட்காருவேன்."

"ஞாயிற்றுக்கிழமை வருவீங்களா?"

"வருவேன். ஓரத்துல உட்காரச் சொல்லுங்க, உட்காருறேன்" என்றாள் தவமணி. "ஆனா வாயை மட்டும் மூடச் சொல்லாதீங்க. மாட்டேன்."