வெள்ளைக் கல்லும் வாயாடி மானும்

பிள்ளைகளே, ஒரு காட்டில் அரசன் கட்டளைப்படி சுற்றிலும் வெள்ளைக் கல் நட்டிருந்தார்கள். கல்லுக்கு உள்ளே யாரும் அம்பு எய்யக் கூடாது. ஓடையில் தூண்டில் போடக் கூடாது. மீறினால் சிறை. கல்லுக்கு வெளியே வேட்டைக்குத் தடையில்லை.

ஆண்டவன் புண்ணியத்தில் அங்கே மானும் மீனும் அச்சமில்லாமல் பெருகின. இளங்கொம்பன் என்றொரு புள்ளிமானும் இருந்தது. நல்ல அழகு, நல்ல ஓட்டம். வாய்தான் சும்மா இருக்காது.

கிழக்குப் பக்கத்துக் கல்லை ஒட்டி, வெளியே ஒரு வேட்டை நாய் படுத்திருக்கும். அதன் எஜமான் தள்ளி ஒரு வேலமரத்தடியில் வில்லோடு காத்திருப்பான். "நீ கல்லைத் தாண்டினால் நான் கம்பி எண்ண வேண்டியதுதான்" என்று அவன் சொல்லி வைத்திருந்தான். நாயும் ஒரு நகத்தைக்கூட உள்ளே வைத்ததில்லை.

இளங்கொம்பனுக்கு இது பெரிய வேடிக்கை. வயிறு நிறைய மேய்ந்துவிட்டு நேரே கல்லடிக்கு வந்துவிடும்.

"என்னப்பா, கஞ்சி குடித்தாயா? இல்லை, என் தொடையைப் பார்த்தே பசியாறுகிறாயா?"

நாய் வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். அது கூசிப்போவதைப் பார்க்கப் பார்க்க மானுக்குப் புல்லைவிட ருசியாக இருந்தது.

கல்லுக்கு உள்ளே ஒரு மரத்தின் மேலிருந்த மந்தி சொல்லிப் பார்த்தது. "தம்பி, வயிறு நிறைந்தால் போய்ப் படு. அவனோடு உனக்கென்ன பேச்சு?"

"அவன் என்னை என்ன செய்துவிட முடியும் அக்கா? நடுவில் கல் இருக்கிறதே."

மறுநாள் நாய் கல்லடியில் இல்லை. சற்றுத் தள்ளி ஆவாரஞ்செடி நிழலில் கிடந்தது.

"என்ன, பயந்து ஓடிவிட்டாயா?" என்றது மான்.

"வெயில் தாங்கவில்லை ஐயா. காதும் அடைத்துக்கொண்டது. நீங்கள் ஏசுவது பாதிதான் கேட்கிறது."

கேட்காத ஏச்சை ஏசி என்ன பயன்? மான் கல்லுக்கு மேலே கழுத்தை நீட்டி, உரக்க ஏசிவிட்டுப் போயிற்று.

அடுத்த நாள் நாய் இன்னும் பின்னால், கறையான் புற்றருகே கிடந்தது. "கால்வாசிதான் கேட்கிறது ஐயா" என்றது. மான் முன்னங்கால் இரண்டையும் வெளியே வைத்து ஏசிற்று. ஒன்றும் ஆகவில்லை. அதற்கும் அடுத்த நாள் நாய் வேலமரத்துப் பக்கம் போய்விட்டது.

இளங்கொம்பனுக்கு அன்று புதிதாக ஒரு வசவு தோன்றியிருந்தது. அதைச் சொல்லாமல் திரும்ப மனம் வரவில்லை. மேலே மந்தி கத்திற்று. மான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நாயின் முகத்தையே பார்த்தபடி நடந்தது.

"கல்லைக் காவல் காக்கும் கழுதையே, உன் எஜமான் உனக்குப் போடுவது சோறா, சுண்ணாம்பா?"

நாய் எழுந்தது, சோம்பல் முறித்தது. மானின் பக்கம் வராமல் சுற்றி நடந்து போய், கல்லுக்கும் மானுக்கும் நடுவில் நின்றுகொண்டது.

"இப்போது நன்றாகக் கேட்கிறது ஐயா. இன்னொரு தரம் சொல்லுங்கள்."

"இது... இது அரசன் காவல் காடு" என்றது மான் மெதுவாக.

"காடு எனக்குப் பின்னால் இருக்கிறது" என்றது நாய்.

வேலமரத்தடியில் வில் நாண் ஏறும் சத்தம் கேட்டது.

மாலையில் மற்ற மான்கள் ஓடைக்கரையில் மேய்ந்தன. கல்லடிப் பக்கம் ஒன்றும் போகவில்லை. மந்தி மட்டும் வெகுநேரம் மரத்தைவிட்டு இறங்காமல் இருந்தது.

நீதி: காவலுக்குள் இருப்பவன் வீண்வம்பு தேடிப் போனால், காவலைத் தாண்டியதும் அவனுக்குத் தெரியாது.