கோட்டை மதிலில் கூவிய அரையர்

முன்பொரு காலத்தில் கொன்றைநாட்டை மணிமாறவர்மர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் காலையில் ஒரு ஆசை, மத்தியானம் ஒரு ஆசை. ஒருநாள் அவித்த முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, “இது யார் வீட்டுக் கோழி போட்டதோ! நம்ம அரண்மனைக் கொல்லையில நாமே கோழி வளர்த்தா என்ன?” என்றார்.

அவ்வளவுதான். ஊர்க்கோடியில் நாற்பது கோழிகளை வைத்துப் பிழைக்கும் வேலாத்தாளிடம் ஆள் போனது. அவள் ஒரு தாய்க்கோழியும் பன்னிரண்டு குஞ்சுகளுமாக வந்தாள்.

“மகாராஜா, பட்டு மெத்தையெல்லாம் இதுகளுக்கு வேண்டாம். பொழுது சாய்ஞ்சா மூங்கில் பஞ்சாரத்தைப் போட்டுக் கவிழ்த்துடுங்க. நெய்ச்சோறும் வேண்டாம், நொய்யும் கரையானும் போதும். தண்ணிச் சட்டி மட்டும் தட்டையா இருக்கணும். உள்ளே விழுந்து நனைஞ்சா குளிர்ல செத்துப்போகும்.”

ராஜா கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கரையான் பிடிக்கப் போனார். தினமும் வேலாத்தாளைக் கூப்பிட்டு, “இது ஏன் கொட்டாவி விடுது? அது ஏன் மண்ணுல புரளுது?” என்று கேட்டபடியே இருந்தார். இதைப் பார்க்கப் பார்க்க, ராஜாவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகிய மந்திரி அம்பலத்தரையருக்கு வயிறு எரிந்தது.

மாதங்கள் ஓடின. பன்னிரண்டில் ஐந்து கொண்டை சிவந்து, வால் வளைந்து, ராஜாவின் பள்ளியறை ஜன்னலுக்கு நேர் கீழே நின்று விடியுமுன்னே கூவ ஆரம்பித்தன. வெயில் ஏறும்வரை தூங்கும் ராஜாவுக்குக் கண்ணெல்லாம் எரிச்சல்.

அரையர் விடுவாரா? “மகாராஜா முட்டைக்காகத்தானே கேட்டீர்கள்? வேண்டுமென்றே சேவலைத் தள்ளிவிட்டிருக்கிறாள்” என்றார்.

தூக்கம் கெட்ட ராஜா, “அவளோட கோழி மொத்தமும் இன்னைக்கே மடைப்பள்ளிக்கு வரட்டும்!” என்று கத்தினார்.

வேலாத்தாள் ஓடிவந்தாள். இடுப்பில் ஒரு கூடை. நேற்றுப் பொரித்த குஞ்சுகளையும் தாய்க்கோழியையும் தனியே விட்டால் காக்கை தூக்கிவிடுமே என்று கூடவே கொண்டுவந்திருந்தாள்.

“மகாராஜா, இந்தக் கோழிகதான் என் பிள்ளைகளுக்குச் சோறு. பொரிச்ச குஞ்சைப் பாத்து இது பெட்டை, இது சேவல்னு யாராலயும் சொல்ல முடியாதுங்க. கொண்டை எழும்பினாத்தான் தெரியும்.”

“யாராலும் முடியாதா?” அரையர் மீசையைத் தடவினார். “எனக்கு ஒரு பார்வை போதும். அடங்கி நிற்பது பெட்டை, துள்ளுவது சேவல். இதுகூடத் தெரியாதவளுக்குக் கோழி எதற்கு?”

வேலாத்தாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடையை அவர் காலடியில் வைத்தாள்.

“அப்படிங்களா சாமி? இதுல பத்துப் பெட்டையைப் பொறுக்குங்க. உங்க வீட்டிலேயே வளரட்டும். ஆறு மாசம் கழிச்சுப் பத்தும் பெட்டையா இருந்தா என் கோழி அத்தனையும் மடைப்பள்ளிக்கு, நானும் ஊரை விட்டே போறேன். சேவல் இருந்தா, ஒரு சேவலுக்கு ஒரு விடியல்னு நீங்க கோட்டை மதில்ல ஏறிக் கூவணும். சரிதானுங்களா?”

சபை குலுங்கிச் சிரித்தது. அரையர் நெளிந்தார். “மகாராஜா, என் பதவி என்ன, அந்தஸ்து என்ன…”

“ஒரு பார்வை போதும்னீரே! பொறுக்கும் ஓய்!” என்றார் ராஜா.

அரையர் குனிந்தார். எல்லாம் ஒரே மஞ்சள், எல்லாம் ஒரே கீச்கீச். அடங்கி நின்ற குஞ்சு இவர் விரல் பட்டதும் துள்ளியது. துள்ளிக்கொண்டிருந்தது உள்ளங்கையில் ஏறித் தூங்கிப்போனது. வேர்க்க வேர்க்கப் பத்தை எண்ணி எடுத்தார்.

“தாய்க்கோழியையும் கொண்டுபோங்க சாமி. சூடு இல்லாம குஞ்சு பிழைக்காது. மிச்சத்தை இன்னொரு அடைக்கோழிக்குக் கீழே விட்டுக்கறேன். குஞ்சுக மேல எனக்கென்ன கோபம்?” என்றாள் வேலாத்தாள்.

அரையர் வீட்டில் அவர் மனைவி நாச்சியார்தான் குஞ்சுகளை வளர்த்தாள். அரையர் முதல் மாதம் அந்தப் பக்கமே போகவில்லை. பிறகு தினமும் போய் ஒவ்வொன்றின் தலையையும் தடவிப் பார்த்தார். நாலாம் மாதத்தில் ஒன்று உடைந்த குரலில் “கொக்…கர” என்றது. பாய்ந்துபோய்ச் சாக்கைப் போட்டு மூடினார். அது சாக்குக்குள் இருந்தபடியே மீதியையும் கூவி முடித்தது.

ஆறு மாதம் முடிந்ததும் பத்தையும் சபைக்குக் கொண்டுவந்தார்கள். பெட்டை நாலு, சேவல் ஆறு! ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் மடியில் விழுந்தது.

“ஆறு விடியல், அரையரே!” என்றவர், வேலாத்தாள் பக்கம் திரும்பினார். “தூக்கம் கெட்ட கோபத்துல உன் பிழைப்பிலேயே கை வைக்கப் பார்த்தேன் தாயி. தப்பு என்னுதுதான். உன் கோழிகளை இனி யாரும் தொட மாட்டாங்க. அரண்மனைக் கொல்லைக்கு நீயே அதிகாரி. கோழி விஷயத்துல நான்கூட உன்னைக் கேட்டுட்டுத்தான் வாயைத் திறப்பேன்.”

அப்புறமென்ன? விடியல்தோறும் மதிலடியில் ராஜா முதல் வேலாத்தாள் வரை ஊரே கூடியது. அரையர் முக்காடு போட்டுக்கொண்டு ஏறுவார், ஒரு கூவல் கூவுவார், தலைகுனிந்தபடி இறங்குவார்.

ஆறாம் நாள். அரையர் வாயில் கைவைத்துக் “கொக்கர…” என்று ஆரம்பிக்கிறார். நாச்சியார் தெருவில் ஓடிவருகிறாள்.

“என்னங்க! நம்ம செவலைப் பெட்டை முட்டை போட்டுருச்சுங்க! வைக்கோல் கூடையில, இன்னும் சூடு ஆறலை!”

அரையர் முக்காட்டை எறிந்துவிட்டு இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினார். ராஜாவைத் தாண்டினார், கூட்டத்தைத் தாண்டினார், வேலாத்தாள் முன்னால் வந்து மூச்சிரைக்க நின்றார்.

“வேலாத்தா, அதை எடுக்கலாமா, கூடாதா? எனக்கு ஒண்ணும் தெரியாது. நீ சொல்லு தாயி.”

“இன்னைக்கு விட்டுடுங்க சாமி. ஒண்ணு கிடந்தாத்தான் நாளைக்கும் அங்கேயே வந்து போடும்.”

“ஓய் அரையரே!” என்றார் ராஜா. “ஆறாவது கூவல் பாதியில நிக்குதே!”

அரையர் நடுத்தெருவிலேயே தலையை அண்ணாந்து, மார்பை நிமிர்த்தி, “கொக்கரக்கோ!” என்று கூவினார். ஊரில் இருந்த சேவல்கள் அத்தனையும் பதில் கூவின.