பார்வோன் தின்ற கருவாடு

இந்தப் பார்வோன் கதையை எனக்கு முதலில் சொன்னவர் என் அண்ணன் கஸ்பார். போன ஈஸ்டர் கழிந்த இரண்டாம் ஞாயிறு, என் மகள் ஜெசிந்தாவைப் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் சொன்னார். எங்கள் பக்கம் தாய்மாமன் "சம்மதம்" என்று சொல்லி வெற்றிலைத் தட்டை வாங்கினால்தான் பேச்சு உறுதி. ஏற்கெனவே இரண்டு இடம் கைகூடாமல் போன பிள்ளை. மாப்பிள்ளையின் அம்மா லூர்தம்மாள் தட்டை நீட்டியபடி நிற்கிறார். அண்ணனோ, கப்பலில் சமையல்காரராக எகிப்துக்குப் போன கதையைத் தொடங்கிவிட்டார்.

"அங்க ஒரு பார்வோன், முன்னூறு வருஷம் ஆண்டாரு. உட்கார்ந்த சிம்மாசனம் வேர்விட்டுத் தழைச்சு, ராஜா தலைக்கு மேல பேரீச்சம்பழம் தொங்கிச்சு, பாத்துக்கிடுங்க."

"முன்னூறா?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா சவரிமுத்து.

"நீங்க நம்பமாட்டீங்கன்னு குறைச்சுச் சொல்லுதேன். அவரு தும்மினா நைல் நதி திரும்பி ஓடும். ஒரு தடவை சளி பிடிச்சு ஏழு நாள் தும்முனாரு. கடல் மீனெல்லாம் மலை ஏறிட்டு. சனங்க மலையில வலை போட்டாங்க."

"எல்லா மீனுமா?"

"நெத்திலி மட்டும் ஏறல. அதுக்கு மூச்சு வாங்கும்லா?"

நான் மனதுக்குள் அருள் நிறை மந்திரம் சொல்ல ஆரம்பித்தேன். கதவுத் திரைக்குப் பின்னால் ஜெசிந்தாவின் முகம் வாடிக்கொண்டே வந்தது. வந்தவர்களுக்கு நாலு மணிக்கு பஸ்.

"அண்ணே, தட்டு..." என்றேன்.

"இரு தாயி. செத்தபொறவு அவரைப் பாடம்பண்ண உப்பு எங்கேயிருந்து போச்சு? நம்ம தூத்துக்குடி உப்பளத்துல இருந்து! இல்லன்னா நாலாயிரம் வருஷம் கெடாம கிடப்பாரா? நான் பிரமிடுக்குள்ள போயி, அவரு பெட்டிக்குப் பக்கத்துல உட்கார்ந்து சீலாக் கருவாடு சுட்டேன். வாசம் பட்டதும் மூடி தானா திறந்திட்டு. எந்திரிச்சு ஒரு வாய் தின்னாரு. 'உப்பு கொஞ்சம் தூக்கல்'னு சொல்லிட்டுத் திரும்பப் படுத்துட்டாரு. அவரு மகன் இருக்கானே, அவன் கதை இதை விட..."

லூர்தம்மாள் தட்டைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி சொல்லுதது அம்புட்டும் நிசம்," என்றார் அமைதியாக. "அந்த ராஜா மகளைப் பொண்ணு கேட்டுப் போனதே எங்க பூட்டன்தான். இன்னும் பிரமிடு வாசல்ல தட்டோடதான் நிக்காரு. தாய்மாமன் பேசி முடிக்கலையாம்."

திரைக்குப் பின்னால் ஜெசிந்தா சிரித்துவிட்டாள். அண்ணன் இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார். அவர் வாயிலிருந்து ஒரே ஒரு சொல்தான் வந்தது: "சம்மதம்."

ஆகஸ்டு மாதம் கல்யாணம். தேவமாதா புண்ணியத்தில் எல்லாம் நல்லபடி நடக்கும். நீங்களும் அவசியம் வர வேண்டும். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தாலி கட்டி முடியும் வரைக்கும் எங்கள் அண்ணனிடம் யாரும் எகிப்தைப் பற்றி விசாரிக்க வேண்டாம்.