பேத்தை கூட்டிவந்த சாளைக் கூட்டம்

ஒரு கடலோரத்தில், இடுப்பளவு நீரில், கடற்புல் மண்டிய திட்டு ஒன்று இருந்தது. அதற்குத் தலைவர் ஒரு பேத்தை மீன். கோபம் வந்தால் ஊதிப் பந்தாகிவிடுவார். அவரைத் தலைவராக்க அந்த ஒரு தகுதியே போதுமானதாக இருந்தது.

அவர் பதவிக்கு வந்த சில நாளிலேயே வாடைக்காற்று வீசியது, நீர் குளிர்ந்தது. ஆழத்திலிருந்து சாளை மீன்கள் கூட்டங்கூட்டமாகக் கரையோரம் வந்தன.

"தலைவரே, எல்லாம் உங்கள் முகராசி!" என்றது நண்டு. தலைவரின் பல்லுக்குத் தப்ப, காலையும் மாலையும் புகழ்ந்தே பிழைத்துவந்த நண்டு அது.

'உண்மையிலேயே எனக்காகவா வந்தார்கள்?' பேத்தைக்கு உள்ளூர ஒரு சந்தேகம். அதை விழுங்கிவிட்டு, "வேறு யாருக்காக வருவார்கள்?" என்றார்.

புல்லடியில் சேறு தின்றுகொண்டிருந்த கடல் அட்டை வாயைத் திறந்தது. "நீர் குளிர்ந்தது, வந்தார்கள். சூடானால் போய்விடுவார்கள். போன வருஷமும் இப்படித்தான். அப்போது நீங்கள் குஞ்சு, நினைவிருக்காது."

"சேறு தின்கிற வாய்க்குப் பேச்சைப் பார்!" என்றது நண்டு.

கோடை வந்தது. திட்டில் நீர் கொதித்தது. ஒரு காலையில் சாளைகள் ஆழத்தை நோக்கி நகரத் தொடங்கின. இறால்களும் பின்னாலேயே கிளம்பின.

"நில்லுங்கள்! என் அனுமதி இல்லாமல் யாரும் போகக் கூடாது!"

"அனுமதியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். வயிற்றில்தான் நிறைய இடமிருக்கிறதே!" என்றது கடைசியாகப் போன சாளை.

"நீங்களும் இறங்கிவிடுங்கள். இந்தச் சூட்டில் வெந்துபோவீர்கள்" என்று சொல்லிவிட்டு, அட்டையும் பள்ளத்தை நோக்கி ஊர்ந்தது.

"தலைவன் கூட்டத்தின் பின்னால் போவதா? கூட்டம்தான் என் பின்னால் வரவேண்டும்!"

"அப்படிச் சொல்லுங்கள்!" என்றது நண்டு. "மேலே போய் நன்றாக ஊதிக் காட்டுங்கள், தலைவரே. உங்கள் உருவத்தைக் கண்டால் ஓடி வந்துவிடுவார்கள்." சொன்ன கையோடு தன் குளிர்ந்த வளைக்குள் நுழைந்துகொண்டது.

பேத்தை நீரின் மேல்மட்டத்துக்கு ஏறினார். காற்றை அள்ளி அள்ளி விழுங்கி, அதுவரை ஊதாத அளவுக்கு ஊதினார்.

ஆழத்தில் சாளைகள் அண்ணாந்து பார்த்தன. வெளிச்சத்தில் கறுப்பாக, உருண்டையாக ஏதோ மிதந்தது.

"ஐயோ, வலையின் மிதவை! வலை போட்டுவிட்டார்கள், ஓடுங்கள்!"

மொத்தக் கூட்டமும் இன்னும் ஆழத்துக்குப் பாய்ந்தது.

கீழே எழுந்த கூச்சல் பேத்தைக்குக் கேட்டது. வாழ்த்துகிறார்கள் என்று நினைத்து இன்னும் கொஞ்சம் ஊதினார். அதற்குமேல் அவரால் இறங்க முடியவில்லை. கடற்காற்று அவரை உருட்டிக்கொண்டுபோய்க் கரை மணலில் போட்டது. வயிற்றுக் காற்று இறங்குவதற்குள் அலை இறங்கிவிட்டது.

'எனக்காகவா வந்தார்கள்?' என்ற பழைய கேள்வி அப்போது மறுபடி எழுந்தது. பதில் சொல்ல அங்கே ஒரு காக்கை மட்டும் இருந்தது. அதற்குப் பசி.

அடுத்த வாடை வீசியது. நீர் குளிர்ந்தது. சாளைகள் திரும்பி வந்தன, அட்டையும் வந்தது. பழைய தலைவரைப் பற்றி யாரும் விசாரிக்கவில்லை.

அவர் வழக்கமாக நிற்கும் பாறைமேல் நண்டு ஏறி நின்றது. "பார்த்தீர்களா? நான் பொறுப்பேற்றதும் எப்படி வந்து குவிகிறார்கள்!"

அட்டை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தது. பிறகு சேற்றைத் தின்னத் தொடங்கியது.

நீதி: பருவம் கூட்டிவந்த கூட்டத்தைத் தன் பெருமை என்று எண்ணுகிறவன், பருவம் மாறும்போது தன் ஊதலாலேயே கரை ஒதுங்குவான்.